முதலில் முழுப்பதிவு, பிறகுதான் படம்: உயிர் தப்பியோரின் வாய்மொழியைப் பதிந்து காக்கும் முறை

ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களில் பலர் நாற்பது நிமிடப் படத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டேதான் கேள்வி கேட்கிறார்கள். படத்துக்கு ஆகாத பேச்சு வந்தால் முகம் மாறுகிறது, எதிரில் இருப்பவரும் அதைப் பார்த்துச் சுருக்கிக்கொள்கிறார். படம் வெளிவந்த பிறகு மீதிப் பதிவு ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்து அழிகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது: வெட்டாத முழு நேர்காணல்தான் ஆவணம், படம் அதிலிருந்து பிறகு எடுக்கப்படும் ஒரு பகுதி.

இதை உலகம் கற்றுக்கொண்டது ஹோலோகாஸ்ட் எனப்படும் யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களிடமிருந்து. 1946இல் டேவிட் போடர் என்ற உளவியல் பேராசிரியர் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியோடு ஐரோப்பிய முகாம்களுக்குப் போய், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அவரவர் மொழியிலேயே பேசவைத்துப் பதிந்தார். 1979இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் லாரல் விளாக்கும், தாமே உயிர் தப்பியவரான மனநல மருத்துவர் டோரி லாபும் காணொளிப் பதிவைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் ஃபார்ட்டுனாஃப் காப்பகமானது. 1994இல் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா (ஹோலோகாஸ்ட்டைக் குறிக்கும் ஹீப்ருச் சொல்) அறக்கட்டளை 50,000க்கும் மேற்பட்ட நேர்காணல்களைச் சேர்த்தது. பிரெஞ்சு இயக்குநர் க்ளோட் லான்ஸ்மன் 1985இல் வெளியிட்ட 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம், ஆனால் அவர் எடுத்தது 200 மணி நேரத்துக்கும் மேல். படத்தில் சேராத அந்தப் பதிவுகளை வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் தனியாகக் காத்துவருகிறது. ஆய்வாளர்கள் இன்று அவற்றையும் தேடிப் போகிறார்கள்.

இராமநாதபுரம் கரையில் இந்த முறைக்கு உடனடித் தேவை இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பத்து வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1983க்குப் பிறகு இலங்கைப் போரிலிருந்து தப்பிப் படகேறி வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் மூத்தவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அறுபது லட்சம் யூதர்களைத் திட்டமிட்டுக் கொன்ற அரசக் குற்றத்தையும் ஒரு புயலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, போரையும் அதோடு ஒப்பிட வேண்டியதில்லை. கடன் வாங்குவது பதிவு முறையை மட்டுமே.

காமிரா இல்லாமல் முதல் சந்திப்பு

முதல் நாள் காமிரா வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஷோவா அறக்கட்டளை ஒவ்வொரு நேர்காணலுக்கும் முன்பு விரிவான வினாப்படிவம் ஒன்றை நிரப்பச் செய்தது: பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், அந்தக் காலத்தில் இருந்த இடங்கள், ஊர்ப்பெயர்களின் சரியான எழுத்து. நம் படிவத்திலும் இவை வேண்டும். கூடவே அழைக்கும் பெயர், பட்டப்பெயர், தெருவின் பழைய பெயர், அப்போது வீட்டில் இருந்த படகு வத்தையா வள்ளமா, கரைவலை யாருடையது, உயிர் பிழைத்தவர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் அடுத்த பத்து நேர்காணல்கள் கிடைக்கும்.

இந்தச் சந்திப்பில் முழுக் கதையையும் சொல்லவிடாதீர்கள். முதல் முறை சொல்லும்போது இருக்கிற உயிர் இரண்டாம் முறையில் இருக்காது. "அன்னைக்குக் கொஞ்சம் விரிவாப் பேசலாம் ஆத்தா" என்று சொல்லி ஊர், உறவு, வருடம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேதி கேட்டால் பலருக்கு வராது. கிழமை, திருவிழா, நிலவு வழியாகக் கேளுங்கள். 1964 டிசம்பர் 19 பௌர்ணமி, அதற்கு மூன்றாம் நாள் இரவு புயல். மார்கழி மாதம், குரோதி வருடம். கிறிஸ்தவக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் முன்பு என்று கேட்டாலே நினைவு விரியும். பொதுவில் பதிவாகியிருப்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயிலை அலை அடித்துப்போனது, பாம்பன் பாலம் சிதைந்தது, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அது சீரானது. இது உங்களுக்கு வழித்தடம் மட்டும்தான், பேசுபவரைத் திருத்தும் கோல் ஆகிவிடக்கூடாது.

ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு முழுதாக வாசித்துக் காட்டி, வாசிப்பதையும் ஒலிப்பதிவு செய்து, கைரேகை வாங்குங்கள். ஒரே கையெழுத்தில் எல்லா உரிமையையும் வாங்குவது தவறு. காப்பகத்தில் வைக்கலாமா, ஊரில் திரையிடலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் சொல்லலாமா, முகம் காட்டலாமா என்று ஐந்துக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பின்னால் மனம் மாறினால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பணம் கொடுப்பதா என்ற கேள்வி எழும். நேர்காணலுக்கு விலை பேசாமல், ஒரு நாள் வேலை இழப்பை ஈடுகட்டுவது நியாயம். அதை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். இல்லையென்றால் தெருவில் பேச்சாகிவிடும்.

மண்டபம் மறுவாழ்வு முகாமுக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. மாவட்ட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் முகாமுக்கு வெளியே, அவர்களே தேர்ந்தெடுத்த இடத்தில் பேசுவது நல்லது. முகாமுக்குள் அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது சொல்வதும், நிற்காதபோது சொல்வதும் வேறு. அவர்களுடைய உறவினர்கள் இன்னும் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு ஊர்ப்பெயரும் ஒரு தந்தை பெயரும் சேர்ந்தாலே அங்கே ஆளை அடையாளம் காணலாம். முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பெயரைப் பேச்சில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கைபேசியில் எடுக்கும் படங்களில் இடக்குறி தானாகப் பதியும், அதை முன்பே அணைத்துவிடுங்கள்.

நாளும் இடமும்

காற்றுதான் இந்தக் கரையில் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை, வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஒலிப்பதிவுக்கு ஏற்ற காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெயில் கொல்லும், ஆனால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், துறைமுகத்தில் எஞ்சின் சத்தமும் இருக்காது. பாசி எடுக்கப் போகும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலில் இருப்பார்கள், அந்த நாட்களைத் தவிருங்கள். மார்கழி விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி பாடும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தொழுகை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, நோன்பு மாதத்தை விட்டுவிடுங்கள். அங்கே பெண்களிடம் பேசப் பெண்தான் போக வேண்டும். டிசம்பர் 22, 23 ஆகிய இரண்டு நாளும் நேர்காணல் வேண்டாம். அன்று செய்தியாளர்களும் வருவார்கள், மனமும் புண்ணாக இருக்கும்.

இடம் அவருடைய வீடு. அரிச்சல்முனையில், இடிந்த தேவாலயத்தின் முன்னால் நிறுத்திப் பேசவைக்கும் ஆசையை அடக்குங்கள். காற்று, சுற்றுலா வேன், செல்ஃபிக் கூட்டம் எல்லாம் சேர்ந்து பேச்சை விழுங்கிவிடும். எழுபது வயதுக்காரரை மணலில் நிற்கவைப்பதும் கொடுமை. அந்த இடத்துக்கு அவர் வர விரும்பினால் வேறொரு நாள், விடிந்தவுடன், சிறு பகுதியாக எடுங்கள். அங்கே பகலில் மட்டும்தான் அனுமதி. எல்லையை ஒட்டிய கரை என்பதால் உரிய அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். மன்னார் வளைகுடாத் தீவுகளில் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நடு அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓலை வீடு எதிரொலிக்காது, ஒலிக்கு அதைவிட நல்ல அறை இல்லை. சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் கணீரென்று திருப்பி அடிக்கும். காமிராவுக்குப் பின்னால் இரண்டு கம்பளியைக் கயிற்றில் தொங்கவிட்டால் பாதி குறையும். தகரக் கூரை பதினொரு மணிக்கு மேல் சூடேறி டிக் டிக் என்று சத்தமிடும். அதனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியுங்கள். முதியவர்களுக்கும் அதுதான் தெளிவான நேரம். மின்விசிறியை அணையுங்கள். குளிர்சாதனப் பெட்டியை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்து அவர்கள் மீன் கெட்டுப்போனால் அந்தத் தெருவில் அடுத்த கதவு திறக்காது.

ஒலி

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் மன்னிக்கலாம். பேச்சு புரியாவிட்டால் அந்தப் பதிவால் யாருக்கும் பயன் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் பாதியை ஒலிக்குச் செலவழியுங்கள்.

இரண்டு மைக் வேண்டும். சட்டையில் குத்தும் லேப்பல் மைக் ஒன்று, முகத்துக்கு மேலே முன்பக்கமாகப் படச்சட்டத்துக்கு வெளியே தொங்கும் பூம் மைக் ஒன்று. ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும், இரண்டையும் தனித்தனித் தடத்தில் பதியுங்கள். லேப்பல் மைக் தாடையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கட்டும். தாலிச்சங்கிலி, ஜெபமாலை, தாயத்து மூன்றும் மைக்கில் உரசும். கழற்றச் சொல்லாதீர்கள், மைக்கைத் தோள்பக்கம் நகர்த்துங்கள். பாலியஸ்டர் சேலை மொரமொரக்கும். பருத்திச் சேலை உடுத்தினால் நல்லது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி வையுங்கள். முந்தானையில் குத்தினால் அவர் அதை இழுத்து முகம் துடைக்கும் ஒவ்வொரு முறையும் இடி விழும், ஆகவே ரவிக்கை விளிம்பில் குத்துங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. சாதாரணப் பேச்சு -18 டெசிபல் பக்கம் நிற்கட்டும், உரத்த பேச்சு -12ஐத் தாண்ட வேண்டாம். கடலில் பேசிப் பழகியவர் குரல் திடீரென்று எழும். மேலே இடம் விட்டு வைக்காவிட்டால் பதிவு உடைந்துபோகும், உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போடுங்கள், தூரத்து எஞ்சின் முனகலும் அலையின் அடிச்சத்தமும் குறையும். வெளியே எடுத்தால் பஞ்சு உறை மட்டும் போதாது, மேலே ரோம உறையும் வேண்டும். தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுங்கள். அவர் மௌனமாகும்போதெல்லாம் அது அறைச் சத்தத்தைத் தூக்கிவிடும், மௌனம் மௌனமாகவே பதிய வேண்டும்.

தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல். தனி ரெக்கார்டரும் காமிராவும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, நீண்ட பதிவில் உதடும் ஒலியும் விலகும். முடிவில் தட்டியிருந்தால்தான் எவ்வளவு விலகியது என்று கணக்கிட முடியும். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள்.

படம்

1080 வரி, நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இந்த அளவில் வைத்தால் டியூப்லைட் துடிப்பது தெரியாது. 4கே கட்டாயமில்லை. அதில் பல காமிராக்கள் இந்த வெப்பத்தில் சூடாகி நடுவில் நின்றுவிடும். சில காமிராக்கள் அரைமணி நேரத்தில் தாமாகவே பதிவை நிறுத்தும், உங்கள் கருவி எப்படி என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். நொடிக்கு 50 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி ஆகும். மூன்று மணி நேரத்துக்கு 128 ஜிபி கார்டு ஒன்று தாராளம், என்றாலும் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்பவர் லென்ஸுக்கு ஒட்டினாற்போல, பேசுபவரின் கண்மட்டத்திலேயே உட்கார வேண்டும். அவர் பாயில் உட்கார்ந்தால் நீங்களும் பாயில், ட்ரைபாடும் தாழ. மேலிருந்து எடுத்தால் விசாரணை போலத் தெரியும். சட்டத்துக்குள் தலையிலிருந்து மடி வரை வரட்டும். கடலோரத்து மனிதர் பாதியைக் கையால்தான் சொல்வார், கையை வெட்டிவிட்டால் அலையின் உயரமும் வலையின் அகலமும் போய்விடும். "இம்புட்டு உசரம்" என்று கை காட்டினால், "அந்த நிலைப்படி உசரமா ஐயா?" என்று வாயால் கேட்டு ஒலியிலும் பதியவையுங்கள். அழும்போது ஜூம் செய்யாதீர்கள். காமிராவைத் தொடவே வேண்டாம்.

வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் போதும், முகத்துக்குப் பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் இருக்கட்டும். வாசலைப் பின்னணியாக வைத்தால் முகம் கறுத்துப்போகும்.

உப்புக்காற்று கருவியைத் தின்னும். லென்ஸில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துப் பிறகு துடையுங்கள். கடற்கரையில் லென்ஸையோ கார்டையோ மாற்றாதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும், பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். இரவில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே லென்ஸுக்குள் பூஞ்சை கட்டும்.

கேட்கும் முறை

பதிவு ஓடத் தொடங்கியதும் கேட்பவர் தேதி, ஊர், இருவர் பெயர், பேசும் மொழி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு அவரே தம் பெயரையும் பிறந்த ஊரையும் சொல்லட்டும். கோப்பின் பெயர் தொலைந்தாலும் பதிவே தன்னை யாரென்று சொல்லும். ஷோவா அறக்கட்டளையின் நேர்காணல்கள் எல்லாமே இப்படித்தான் தொடங்குகின்றன.

அவர்கள் நேரத்தைப் பிரித்த கணக்கும் நமக்கு உதவும்: சுமார் ஐந்தில் ஒரு பங்கு முன்வாழ்க்கைக்கு, மூன்று பங்கு பேரழிவுக் காலத்துக்கு, ஒரு பங்கு அதற்குப் பின். புயலுக்கு நான் இந்தப் பங்கை மாற்றச் சொல்வேன். ஒரே இரவில் நடந்தது என்பதால் நடுப்பங்கைப் பாதியாக்கி, மிச்சத்தை முன்னுக்கும் பின்னுக்கும் கொடுங்கள். போட் மெயில் வந்து நின்ற ரயில் நிலையம், தலைமன்னார் கப்பல், சுங்கச்சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அவர் வாயில் மட்டும்தான் மிச்சமிருக்கின்றன. பிறகு எந்தக் கரையில் ஒதுங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், நடராஜபுரத்துக்கோ தங்கச்சிமடத்துக்கோ எப்படி வந்தார்கள், அரசு வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தபின் ஏன் சிலர் திரும்பப் போனார்கள் என்பதை யாரும் கேட்பதே இல்லை.

"அப்ப ரொம்பப் பயந்துட்டீகளா?" என்று கேட்டால் "ஆமா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "அப்ப நீங்க எங்க நின்னீக?" "கையில என்ன இருந்துச்சு?" "முதல்ல என்ன சத்தம் கேட்டுச்சு?" இப்படிக் கேட்டால் அவர் அந்த இடத்துக்கே போவார். அதன்பின் "அப்புறம்?" என்ற ஒற்றைச் சொல் போதும். அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டுக்குள் அவரே தொடர்வார், அப்படித் தொடர்ந்து வருவதுதான் இதுவரை யாரிடமும் சொல்லாததாக இருக்கும். "ம், ம்" கொட்டாதீர்கள், தலையை மட்டும் அசையுங்கள். உங்கள் "ம்" அவர் பேச்சின் மேல் விழுந்து பிரிக்க முடியாமல் பதியும்.

முறை வைத்துக் கூப்பிடுவதில் பிசகினால் பேச்சே தொடங்காது. ஐயா, ஆத்தா, அப்பத்தா என்பது ஒரு தெரு, உம்மா, வாப்பா என்பது அடுத்த தெரு, முகாமில் அம்மம்மா, அப்பு. அந்த வீட்டார் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வட்டார வழக்கில் பேசும்போது நீங்கள் செய்தி வாசிப்பவர்போலப் பேசினால் அவரும் மேடைத்தமிழுக்குத் தாவிவிடுவார். வாடை, கொண்டல் ஆகிய காற்றுகள், ஆண்கடல் (மன்னார் வளைகுடா), பெண்கடல் (பாக் நீரிணை) எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நடுவில் விளக்கம் கேட்டு இழையை அறுக்க வேண்டியிருக்காது.

மகனும் மருமகளும் பக்கத்தில் நின்று "அந்த ரயில் கதையைச் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுப்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் வருவது வீட்டில் பலமுறை சொல்லித் தேய்ந்த வடிவம். அவர்களை அன்போடு வெளியே அனுப்பிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் அவர் விரும்பினால் பக்கத்தில் உட்காரவையுங்கள். பலபேரைக் கூட்டமாக வைத்து எடுத்தால் குரல் ஓங்கியவர் கதையே எல்லோர் கதையாகிவிடும்.

விவரம் தவறாக வந்தால் என்ன செய்வது? டோரி லாப் எழுதிய ஒரு நிகழ்வு இதற்கு நல்ல பாடம். 1944 அக்டோபரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் நடந்த கிளர்ச்சியை நேரில் பார்த்த ஒரு பெண், நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்றார். வெடித்தது ஒன்றுதான். வரலாற்று ஆய்வாளர்கள் அவருடைய சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்றார்கள். எதிர்ப்பே நடக்க முடியாத இடத்தில் எதிர்ப்பு நடந்தது என்பதைத்தான் அவர் சாட்சி சொன்னார், எண்ணிக்கை அதற்கு அடுத்தது என்று லாப் மறுத்தார். ஒருவர் அலை பனைமரத்துக்கு மேல் வந்தது என்றால், பதிவுகள் ஏழு மீட்டர் என்கின்றன என்று குறுக்கே போகாதீர்கள். அவர் சொன்னது அப்படியே இருக்கட்டும், உங்கள் குறிப்பு காப்பகப் பட்டியலில் தனியாக இருக்கட்டும். ஆனால் படத்தில் அதைத் தகவலாக எழுத்தில் போடும்போது பதிவுகளோடு ஒத்துப்பார்க்காமல் போடக்கூடாது. இரண்டும் வேறு வேறு கடமை.

நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். சர்க்கரைக்காரர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அழுதால் உடனே காமிராவை அணைக்கவும் வேண்டாம், விடாமல் கேட்கவும் வேண்டாம். தண்ணீர் கொடுத்து, "நிறுத்தவா, இருக்கட்டுமா?" என்று அவரையே தீர்மானிக்கவிடுங்கள். பேச்சை மரணத்தில் முடிக்காமல் இன்றைய நாளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, நாளைய வேலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கருவியை மூட்டை கட்டியவுடன் கிளம்பாமல் அரைமணி நேரம் இருந்து தேநீர் குடியுங்கள். மறுநாள் கட்டாயம் பேசுங்கள். தூக்கம் கெட்டதென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐயோ மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இதெல்லாம் கூடுதல் உபசாரம் என்று நினைப்பவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது.

புகைப்படமும் பெயர்ச்சீட்டும்

பேச்சு முடிந்ததும் பழைய படங்கள், ரேஷன் அட்டை, ரயில்வே அடையாள அட்டை, அகதி அட்டை எதுவிருந்தாலும் ஒவ்வொன்றையும் காமிரா முன் வைத்து, படத்தில் யார், எப்போது, யார் எடுத்தது என்று அவரையே சொல்லவையுங்கள். இந்த ஈரப்பதத்தில் பழைய புகைப்படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். சட்டத்தோடே, சற்றுச் சாய்வாக, காமிராவுக்குப் பின்னால் கறுப்புத்துணி பிடித்து எடுத்தால் கண்ணாடி மினுக்காது. ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஜெருசலேமில் உள்ள யாட் வஷெம் நினைவகம், கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சியப் பக்கம் என்று உறவினர்களிடம் எழுதி வாங்கிவருகிறது. அதையே இங்கே செய்யலாம். இறந்தவர் பெயர், தந்தை பெயர், வயது, தொழில், கடைசியாக யார் எங்கே பார்த்தது, உடல் கிடைத்ததா, தகவல் சொன்னவர் யார் என்று ஒருவருக்கு ஒரு தாள். ஒரே பெயர் இரண்டு பேரிடம் வந்தால் இரண்டு தாளும் இருக்கட்டும், ஒன்றாக்க வேண்டாம்.

பதிந்த இரவே செய்ய வேண்டியது

கார்டிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகல் சரிதானா என்று செக்சம் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) பார்க்கும் மென்பொருளால் ஒப்பிட்ட பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். திறந்து ஐந்து நொடி ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது, கெட்ட பகுதி நாற்பதாம் நிமிடத்தில் இருக்கும். மூன்றாம் நகல் வேறு ஊரில், மதுரையிலோ அதற்கு அப்பாலோ இருக்க வேண்டும். மூன்றும் இராமேஸ்வரம் தீவிலேயே இருந்தால் அடுத்த புயலுக்கு மூன்றும் போகும். எஸ்எஸ்டி டிஸ்க்கை ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள், தரவு கசிந்து போகலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிச் செக்சம் பாருங்கள், ஐந்தாண்டில் புதிதுக்கு மாற்றுங்கள். யூடியூபையும் வாட்ஸ்அப்பையும் காப்பு நகலாக எண்ண வேண்டாம், இரண்டும் சுருக்கித்தான் வைத்துக்கொள்கின்றன. காமிரா தந்த மூலக்கோப்பைப் பெயர் மாற்றலாம், வேறு வடிவத்துக்கு மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கக்கூடாது.

கோப்புப் பெயர் எண்களிலேயே இருக்கட்டும்: தேதி, ஊர் எண், நபர் எண், பகுதி எண், எடுத்துக்காட்டாக 20260214-03-011-2. ஆளின் பெயரைக் கோப்பில் எழுதினால், பெயர் வெளியிட வேண்டாம் என்றவரும் வெளிப்பட்டுவிடுவார். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருட்கள் கடற்கரை வழக்கில் தடுமாறும், முதல் வரைவுக்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம். "வந்தாக" என்றால் "வந்தாக" என்றே எழுதுங்கள், "வந்தார்கள்" ஆக்காதீர்கள். ஷோவா அறக்கட்டளை தன் பதிவுகளை ஒரு நிமிடத் துண்டுகளாகக் குறித்து ஒவ்வொன்றுக்கும் தேடுசொல் கொடுத்தது. நமக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி போதும்: நேரம், இடம், ஆட்கள், பேச்சின் பொருள். இந்தப் பட்டியல் இல்லாத நூறு மணி நேரப் பதிவில் யாரும் எதையும் கண்டுபிடிக்கமாட்டார்கள். சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்தமிழர் ஆவணங்களுக்கு இலங்கையின் 'நூலகம்' நிறுவனம் ஆகியவற்றைப் பட்டியலோடு அணுகிக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் இருந்தால் பேச்சே வேறு.

இப்போது படம்

எழுத்துப்பிரதியில் பென்சிலால் குறித்துத்தான் முதல் வெட்டு. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். வாக்கியத்தின் நடுவே வெட்டி இணைத்தால் அந்த இடத்தைக் கடல் காட்சியால் மூடி மறைக்காமல் வெட்டு தெரியவே விடுங்கள், பார்ப்பவர் ஏமாற மாட்டார். வேறொரு புயலின் காட்சியை அவர் பேச்சின் மேல் ஓட்டுவது பொய். செயற்கை நுண்ணறிவில் வரைந்த ரயிலும் அலையும் அதைவிடப் பெரிய பொய், ஏனென்றால் பத்தாண்டு கழித்து யாரோ அதை 1964இன் படம் என்று எடுத்துப்போடுவார்கள். லான்ஸ்மன் பழைய ஆவணக் காட்சி ஒன்றைக்கூடச் சேர்க்காமல் எடுத்தார். அவ்வளவு கண்டிப்பு எல்லோருக்கும் வேண்டியதில்லை, ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு பழைய படத்துக்கும் ஆண்டும் இடமும் திரையில் இருக்க வேண்டும். வயலின் இழுக்காதீர்கள். வசன எழுத்து (சப்டைட்டில்) இரண்டு வரிக்கு மேல் போனால் பாதி வாசிக்கப்படாது.

வெளியிடும் முன் பேசியவருக்கு அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டி, எடுக்கச் சொன்னதை எடுங்கள். படத்தில் சேராவிட்டாலும் முழு நேர்காணலின் நகலை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும், பென் டிரைவில். பல டிவிகளில் பழைய ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ்தான் ஓடும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எச்.264 வடிவில், நொடிக்கு 4 மெகாபிட்டில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1.8 ஜிபிதான் வரும். கிளம்பும் முன் அவர்கள் டிவியிலேயே செருகி, கடைசிக் கோப்பின் கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.